இசை ஆசிரியர் எதற்கு?

நான் எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு பி.எட். சேரப்போகிறேன். பார்த்து வைத்திருக்கும் கல்லூரியின் ஆசிரியர் பட்டியலில் வரலாறு படித்தவர், தமிழ் படித்தவர், இசை, ஓவிய ஆசிரியர்கள்கூட இருக்கிறார்கள். கணிதக்காரர் ஒரே ஒருவர்தான். சேரலாமா?
– வாசகி, திண்டுக்கல்

தாராளமாகச் சேருங்கள். பி.எட். கல்லூரி அப்படித்தான் இருக்க வேண்டும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி, ஈராண்டு பி.எட். நடத்தும் கல்லூரியில் ஆண்டுக்கு 100 பேர் வீதம் மொத்தம் 200 மாணவர்களுக்கு முதல்வரோடு சேர்த்து 16 ஆசிரியர்கள் தேவை. அவர்களில் 4 பேர் கல்வியின் அடிப்படைகளுக்கு, 8 பேர் பாடங்களைக் கற்பிக்கும் முறைகளுக்கு. உடற்கல்வி, நுண்கலை, இசை போன்ற நிகழ்கலை ஆகியவற்றுக்குத் தலா ஒருவர்.

நீங்கள் விசாரிக்க வேண்டியது அந்த ஒரு கணிதக்காரரைப் பற்றித்தான். கணித முதுகலையோடு எம்.எட்.டும், இரண்டிலும் 55 சதவீதமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியர்களின் பெயர், தகுதி, புகைப்படத்தைக் கல்லூரி தன் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். அவர் பள்ளியில் வகுப்பெடுத்தவரா என்றும் கேளுங்கள். முனைவர் பட்டத்தைவிட அதைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிப் பயிற்சி உண்டு. பின்னக் கணக்கில் ஒரு பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதை அப்போது உங்களுக்குக் காட்டித்தரப்போகிறவர் அவர்தான்.