ஓவன் இல்லாத வீட்டிலும் பண்ட் கேக்: ஏர் ஃபிரையரில் செய்யும் எளிய முறை

கனடாவுக்குப் புதிதாக வந்து நிலக்கீழ்த் தளத்தில் வாடகைக்கு வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குத் தனியான ஓவன் வசதி கிடைப்பதில்லை. பொதுச் சமையலறையைப் பகிர்ந்துகொள்வோரும், பெரிய ஓவனின் கதவைக் குனிந்து திறக்க இயலாத முதியோரும் இதே நிலையில் உள்ளனர். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே ஒரு கேக் செய்ய விரும்பினாலும், இறுதியில் கடையில் வாங்குவதே வழக்கமாகிவிடுகிறது. இன்று ஏராளமான சமையலறைகளில் இடம்பிடித்துள்ள ஏர் ஃபிரையர் இந்தக் குறையைத் தீர்க்க வல்லது. எனினும் அதன் இயல்பை அறியாமல் கேக் செய்தால் மேற்புறம் கருகி நடுப்பகுதி மாவாகவே நின்றுவிடும். இப்பாடம் அவ்வாறு நேராமல் செய்யும் முறையையும், அதனோடு கவனிக்க வேண்டிய பாதுகாப்பு விதிகளையும் விளக்குகிறது.

நடுவில் துளை ஏன்?

பண்ட் கேக் என்பது நடுவில் குழாய் போன்ற துளையும் பக்கங்களில் வரிவரியான மடிப்புகளும் கொண்ட அச்சில் வேகும் கேக் ஆகும். ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளில் நெடுங்காலமாகச் செய்யப்படும் குகல்ஹுப்ஃப் என்னும் கேக்கின் வடிவமே இதற்கு முன்னோடி. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நோர்டிக் வேர் நிறுவனத்தை நடத்திய டேவிட் டால்குவிஸ்ட், அந்நகரின் யூதப் பெண்கள் சிலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, 1950ஆம் ஆண்டில் இவ்வச்சை அலுமினியத்தில் வார்த்தார். தொடக்கத்தில் அதிகம் விற்பனையாகவில்லை. 1966இல் நடைபெற்ற பில்ஸ்பரி சமையற் போட்டியில் பண்ட் அச்சில் செய்த சாக்லேட் கேக் ஒன்று இரண்டாம் பரிசு பெற்ற பின்னரே அது வீடுதோறும் பரவியது.

துளை அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. சாதாரண வட்ட அச்சில் வெப்பம் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நீண்ட தூரம் செல்ல வேண்டும். பண்ட் அச்சிலோ நடுக்குழாயும் வெப்பத்தைக் கடத்துவதால் மாக்கலவை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒரே காலத்தில் வேகிறது. ஏர் ஃபிரையரில் வெப்பச்சுருள் மேலே இருக்கிறது. அதன் அருகிலுள்ள விசிறி சூடான காற்றை விரைவாகச் சுழற்றுகிறது. ஆகவே மேற்புறம் மிக விரைவில் சிவக்கும். நடுப்பகுதியும் அதற்கு ஈடுகொடுத்து வேக வேண்டுமாயின் துளையுள்ள அச்சே பொருத்தமானது.

இரண்டு சோடாக்கள், இரண்டு வேலைகள்

தமிழில் சோடா என்ற சொல் இரு பொருள்களைக் குறிக்கிறது. ஒன்று போத்தலிலோ தகரக் குவளையிலோ வரும் குளிர்பானம். மற்றொன்று அப்பத்துக்கும் தோசைக்கும் சிறிதளவு சேர்க்கும் அப்பச்சோடா. இக்கேக்கில் இரண்டும் இடம்பெறுகின்றன. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் பயன்படுத்த முடியாது.

அப்பச்சோடா ஒரு காரப் பொருள். புளிப்புப் பொருளோடு ஈரத்தில் சேரும்போது அது கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அவ்வாயுக் குமிழ்களே கேக்கை உப்பச் செய்கின்றன. புளிப்புப் போதாவிடின் எஞ்சிய அப்பச்சோடா சவர்க்காரம் போன்ற சுவையைத் தந்துவிடும். இச்செய்முறையில் தேசிக்காய்ச் சாறு அதற்குரிய புளிப்பைத் தருகிறது.

குளிர்பானத்திலுள்ள வாயுவே கேக்கை உப்பச் செய்கிறது என்று பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் அதன் பெரும்பகுதி கலக்கும்போதே வெளியேறிவிடுகிறது. குளிர்பானத்தின் முதன்மையான பணி ஈரம், இனிப்பு, மணம், சிறிதளவு புளிப்பு ஆகியவற்றைத் தருவதேயாகும். எலுமிச்சைச் சுவையுள்ள நிறமற்ற பானம் இதற்கு மிகவும் ஏற்றது. 1929இல் விற்பனைக்கு வந்த செவன்-அப் பானத்தைக் கொண்டு அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இன்றும் கேக் செய்யப்படுகிறது. தமிழ்க் கடைகளில் கிடைக்கும் இஞ்சிச் சோடாவும் கிரீம் சோடாவும் நம்மவர்க்குப் பழக்கமான வேறொரு மணத்தைத் தரும்.

அச்சைத் தெரிவு செய்தல்

கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் 25 செ.மீ. பண்ட் அச்சு பெரும்பாலான ஏர் ஃபிரையர்களுக்குள் நுழையாது. 18 செ.மீ. (7 அங்குலம்) விட்டமும் ஏறத்தாழ 1.4 லீட்டர் (6 கப்) கொள்ளளவும் உள்ள உலோக அச்சு போதுமானது. வாங்குவதற்கு முன் கூடையின் உட்புறத்தை அடிமட்டத்தால் அளந்துகொள்ள வேண்டும். அச்சைச் சுற்றிலும் காற்றுச் சுழல ஒன்றிரண்டு செ.மீ. இடைவெளி தேவை. அச்சின் விளிம்புக்கும் வெப்பச்சுருளுக்கும் இடையே குறைந்தது 5 செ.மீ. இருத்தல் நன்று. சிலிக்கோன் அச்சில் வெப்பம் மெதுவாகக் கடத்தப்படுவதால் வேகும் நேரம் கூடும், நிறமும் குறைவாகவே வரும்.

தேவையான பொருள்கள் (12 துண்டுகள்)

கோதுமை மா – 180 கிராம் (ஏறத்தாழ ஒன்றரைக் கப்)
சீனி – 150 கிராம் (முக்கால் கப்)
பேக்கிங் பவுடர் – 1 தேக்கரண்டி
அப்பச்சோடா – கால் தேக்கரண்டி
உப்பு – கால் தேக்கரண்டி
முட்டை – 2
மணமற்ற சமையல் எண்ணெய் – 80 மி.லீ.
எலுமிச்சைச் சுவைக் குளிர்பானம் – 120 மி.லீ.
தேசிக்காய்ச் சாறு – 1 மேசைக்கரண்டி
துருவிய தேசிக்காய்த் தோல் – 1 தேக்கரண்டி
வனிலா – 1 தேக்கரண்டி
அச்சில் பூச – மென்மையான பட்டரும் சிறிது மாவும்

தோலைத் துருவும்போது பச்சை நிற மேற்பகுதியை மட்டுமே எடுக்க வேண்டும். அதன் கீழுள்ள வெண்பகுதி கசக்கும்.

முட்டை சேர்க்காதவர்களுக்கு: இரண்டு முட்டைகளுக்குப் பதிலாக 120 கிராம் புளிப்பில்லாச் சீனியில்லாத் தயிரைச் சேர்க்கலாம். தயிரில் நீர் மிகுதியாதலால் குளிர்பானத்தை 90 மி.லீ. ஆகக் குறைக்க வேண்டும். தயிரின் இயல்பான அமிலத்தன்மைக்கு ஈடாக அப்பச்சோடாவை அரைத் தேக்கரண்டியாக்க வேண்டும். கேக் சற்று அடர்த்தியாக இருப்பினும் மென்மை குறையாது.

செய்முறை

1. முட்டையையும் குளிர்பானத்தையும் ஒரு மணி நேரம் முன்னதாகக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். மிகக் குளிர்ந்த பொருள்கள் சீராகக் கலப்பதில்லை.

2. அச்சின் ஒவ்வொரு மடிப்பிலும் நடுக்குழாயிலும் தூரிகையால் பட்டரைப் பூசி, மாவைத் தூவி, எஞ்சியதைத் தட்டி உதற வேண்டும். பண்ட் கேக் அச்சில் ஒட்டிக்கொள்வதற்கு இப்படியில் காட்டும் அவசரமே பெரும்பாலும் காரணம்.

3. மா, பேக்கிங் பவுடர், அப்பச்சோடா, உப்பு ஆகியவற்றை ஒன்றாக அரிதட்டில் அரித்துக்கொள்ள வேண்டும். அரிக்காவிடின் அப்பச்சோடா கட்டியாக ஓரிடத்தில் தங்கி அத்துண்டைக் கசப்பாக்கும்.

4. வேறொரு பாத்திரத்தில் முட்டையையும் சீனியையும் 2 நிமிடம் நன்றாக அடிக்க வேண்டும். பின்னர் எண்ணெய், வனிலா, தேசிக்காய்ச் சாறு, துருவிய தோல் ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்க வேண்டும்.

5. ஏர் ஃபிரையரை 160 பாகை செல்சியஸில் (320 பாகை பரனைற்) 3 நிமிடம் சூடாக்க வேண்டும்.

6. அரித்த மாவைச் சேர்த்து, அப்போதே திறந்த குளிர்பானத்தையும் ஊற்றி, மா மறையும்வரை மட்டும் மெதுவாகக் கலக்க வேண்டும். அதிகம் அடித்தால் கேக் இறுகிவிடும். அப்பச்சோடாவின் வேலை ஈரம் பட்டவுடனே தொடங்கிவிடுவதால், கலவையைக் காத்திருக்க வைக்காது உடனே வேகவைக்க வேண்டும்.

7. கலவையை அச்சில் ஊற்றி, இருமுறை மெதுவாகத் தட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். எந்நிலையிலும் அச்சின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பலாகாது.

8. முதல் 15 நிமிடங்களுக்குக் கூடையை வெளியே இழுக்கக் கூடாது. மேற்புறம் அமைவதற்கு முன் இழுத்தால் கேக் அமுங்கிவிடும். 20 நிமிடமளவில் மேற்புறம் பொன்னிறமாகியிருப்பின், அலுமினியத் தாளால் மூடி அதன் ஓரங்களை அச்சின் விளிம்புக்குக் கீழே இறுக மடித்துவிட வேண்டும். தளர்வாக இட்ட தாள் விசிறிக் காற்றில் எழுந்து வெப்பச்சுருளில் பட்டுவிடும்.

9. 28ஆவது நிமிடத்தில் ஓரத்துக்கும் குழாய்க்கும் இடையே மரக்குச்சியைக் குத்திப் பார்க்க வேண்டும். ஈர மா ஒட்டினால் மேலும் 3 நிமிடங்களாக நீட்டித்துச் சோதிக்கலாம். பொதுவாக 30 முதல் 38 நிமிடங்களில் கேக் வெந்துவிடும். உணவு வெப்பமானி உள்ளவர்கள் உட்புறம் 96 முதல் 99 பாகை செல்சியஸ் காட்டுவதை உறுதிசெய்துகொள்ளலாம்.

10. கேக்கை அச்சிலேயே 10 நிமிடம் ஆறவிட்டுப் பின்னர் கவிழ்க்க வேண்டும். உடனே கவிழ்த்தால் உடையும். முழுவதும் ஆறும்வரை விட்டுவைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

மேலே பூச விரும்புவோர் 60 கிராம் ஐசிங் சீனியை இரண்டு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றில் குழைத்து, கேக் நன்கு ஆறிய பின் ஊற்றலாம்.

பிழை எங்கே நேர்ந்தது?

மேலே கருகி உள்ளே வேகாதிருப்பின் வெப்பம் மிகுதி என்பது பொருள். அடுத்த முறை 10 பாகை குறைத்து நேரத்தைக் கூட்ட வேண்டும். கேக் உப்பாமல் அமுங்கியிருப்பின் பேக்கிங் பவுடர் பழையதாக இருக்கலாம். அதில் ஒரு தேக்கரண்டியை வெந்நீரில் இட்டால் உடனே பொங்க வேண்டும். பொங்காவிடில் புதியதை வாங்குவதே நன்று. அப்பச்சோடாவைச் சோதிக்க வெந்நீருக்குப் பதிலாகத் தேசிக்காய்ச் சாற்றைப் பயன்படுத்த வேண்டும்.

உண்பவர் நலன்

மேலுள்ள அளவில் பூச்சில்லாத ஒரு துண்டில் ஏறத்தாழ 13 முதல் 14 கிராம் சீனி உள்ளது. பூச்சுடன் அது 18 கிராமைத் தாண்டும். அதாவது நான்கரைத் தேக்கரண்டி. தெற்காசியர்களிடையே இரண்டாம் வகை நீரிழிவு நோய் ஏற்படும் வாய்ப்பு அதிகம் என்பதால் இக்கணக்கை மனத்திற்கொள்வது பயனுள்ளது. சீனியை 120 கிராமாகக் குறைத்தாலும் கேக் கெடாது. அதற்கும் கீழே குறைத்தால் உலர்ந்துவிடும். சீனியற்ற டயட் பானத்தைப் பயன்படுத்துவதால் கேக்கிலுள்ள சீனி நீங்கிவிடுவதில்லை. அவற்றுள் சிலவற்றிலுள்ள அஸ்பார்டேம் வெப்பத்தில் தன் இனிப்பையும் இழந்துவிடும்.

பாத்திரத்தில் எஞ்சிய மாக்கலவையைப் பிள்ளைகள் வழித்துச் சுவைப்பது வழக்கம். இது தவிர்க்கப்பட வேண்டும். ஆபத்து முட்டையில் மட்டும் இல்லை. வேகாத கோதுமை மாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். 2017இல் கனடாவில் ஈ.கோலி கிருமி கலந்த மாவினால் பலர் நோயுற்றதைத் தொடர்ந்து அம்மா சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. எனவே முட்டை சேர்க்காத கலவையையும் பச்சையாக உண்ணலாகாது.

கேக்கை அயலவருக்கோ பாடசாலைக்கோ கொடுக்கும்போது அதில் கோதுமை, முட்டை, பால் ஆகியன உள்ளமையைத் தெரிவிக்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவருக்கு அத்தகவல் உயிர்காக்கும்.

மின்சாரமும் தீயும்

ஏர் ஃபிரையர்கள் பல 1500 வாட் அளவிலான மின்சாரத்தைப் பயன்படுத்துகின்றன. 120 வோல்ட் மின்னழுத்தத்தில் இது 12.5 அம்பியர் ஆகும். வீடுகளில் பொதுவான 15 அம்பியர் மின்சுற்றில் அதே நேரத்தில் மின்கேத்தலையும் இயக்கினால் பிரேக்கர் விழுந்துவிடும். கேக் வேகும் அரைமணி நேரத்திற்கு அச்சுற்றில் வேறு வெப்பக் கருவிகளை இயக்காதிருப்பதே நன்று. கருவியின் மின்கம்பியை நேரடியாகச் சுவரிலுள்ள மின்னிணைப்பில் பொருத்த வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயரைப் பயன்படுத்தலாகாது, அது சூடேறித் தீப்பற்றக்கூடும்.

கருவியை அடுப்பின் மேல் வைத்து இயக்கக் கூடாது. சூடான காற்று வெளியேறும் பின்புறத்தைச் சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் விலக்கி வைக்க வேண்டும். கேக் வேகும்போது வீட்டைவிட்டு வெளியே செல்லலாகாது. கூடையில் படிந்த பழைய எண்ணெயே பெரும்பாலும் புகைக்குக் காரணமாவதால், கேக் செய்வதற்கு முன் அதனைக் கழுவி உலர்த்திக்கொள்வது அவசியம்.

புகையோ தீயோ தோன்றினால் கூடையைத் திறக்கக் கூடாது, உட்புகும் காற்று தீயை வளர்க்கும். ஆபத்தின்றி இயலுமாயின் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. தீ அடங்காவிடின் அனைவரும் வெளியேறி, வெளியே நின்று 911 எண்ணை அழைக்க வேண்டும்.

சமையற்புகைக்கு எச்சரிக்கைக் கருவி ஒலித்தால் அதன் மின்கலத்தைக் கழற்றிவிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. ஒன்ராறியோவில் இது சட்டப்படி குற்றமாகும். யன்னலைத் திறந்து புகையை வெளியேற்றுவதே முறை. அங்கு ஒவ்வொரு மாடியிலும், உறங்கும் பகுதிகளுக்கு வெளியேயும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது விதி. நிலக்கீழ்த் தளமும் இதில் அடங்கும். வாடகை வீட்டில் அதனைப் பொருத்திப் பேணுவது உரிமையாளரின் கடமையாகும். கருவி இல்லாதிருந்தாலோ இயங்காதிருந்தாலோ குடியிருப்பாளர் உடனே உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும். அவர் கவனியாவிடின் உள்ளூர்த் தீயணைப்புத் துறையிடம் முறையிடலாம்.

பேணுதல்

கேக்கைக் காற்றுப் புகாத பெட்டியில் இட்டால் அறை வெப்பத்தில் இரண்டு நாள்கள் இருக்கும். துண்டுகளாக நறுக்கித் தனித்தனியே சுற்றி உறைபெட்டியில் வைத்தால் இரண்டு மாதங்கள் வரை பயன்படுத்தலாம். தனித்து வாழும் முதியோருக்கு இம்முறை பெரிதும் உதவும். ஒருமுறை செய்த கேக்கிலிருந்து விருந்தினர் வரும் நாளில் வேண்டிய துண்டுகளை மட்டும் எடுத்து, அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் தேநீரோடு பரிமாறலாம்.