நகரின் நீர்வழி

நுழையும்முன்

வீட்டில் நாம் பயன்படுத்திய நீர் தொட்டியின் துளை வழியே இறங்கி மறைகிறது. தெருவில் பெய்த மழை சாலையோரத்துக் கம்பி வலைக்குள் புகுந்து மறைகிறது. மறைந்த நீர் எங்கே செல்கிறது என்று நாம் கேட்பதில்லை. ஒரு நகரம் நலமாக வாழ்வதும் நோயுற்று வாடுவதும் இந்த வினாவிற்கு அது கண்டறியும் விடையைப் பொறுத்தே அமையும். கொல்கத்தா மாநகரம் கண்ட விடையை இப்பாடத்தில் அறிவோம்.

ஆற்றுக்கு முதுகுகாட்டும் நிலம்

கொல்கத்தா ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்துள்ளது. ஆறு அருகில் இருப்பதால், மழைநீர் எளிதில் அதில் சென்று கலந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. ஆறு தன் வெள்ளக் காலங்களில் கொண்டுவந்து குவித்த வண்டலால் ஆற்றங்கரை மேடாக உள்ளது. அங்கிருந்து கிழக்கே செல்லச்செல்ல நிலம் தாழ்கிறது. ஆகவே, நகரில் விழும் மழை இயல்பாக ஆற்றை நோக்கி ஓடாது. கிழக்கிலுள்ள தாழ்நிலத்தை நோக்கியே ஓடும்.

மற்றோர் இடரும் உண்டு. ஹூக்ளி ஆற்றில் கடலின் ஓதம் ஏறி இறங்கும். ஓதம் ஏறும் வேளையில் ஆற்றுநீர் வடிகால் வழியே நகருக்குள் புகாதவாறு மதகுகளை அடைத்துவிடுவர். அந்த வேளையில் பெருமழை பெய்தால், வெளியேற வழியின்றி நீர் தெருக்களில் தேங்கி நிற்கும்.

மண்ணுக்கடியில் ஒரு நகரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொல்கத்தாவில் செங்கல்லால் ஆன நிலத்தடிச் சாக்கடைகள் கட்டப்பட்டன. அவற்றுட் சில, ஆள் இறங்கி நடக்கும் அளவிற்குப் பெரியவை. மழைநீரையும் கழிவுநீரையும் ஒரே குழாயில் ஏந்திச் செல்லும் கலப்பு முறையில் அவை அமைந்தன. கோடையில் கழிவுநீர் மட்டும் ஓடும். மழைக்காலத்தில் இரண்டும் கலந்து ஓடும். தாழ்வான பகுதிகளிலிருந்து இந்நீரை நீரேற்று நிலையங்கள் மேலேற்றிக் கால்வாய்களில் விடுகின்றன.

மணிக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் மழையை வடிப்பதற்கே பழைய சாக்கடைகள் திட்டமிடப்பட்டிருந்தன. அந்நாளில் நகரில் வெற்று நிலமும் குளங்களும் மிகுதி. பெய்த மழையில் ஒரு பகுதியை மண்ணே உறிஞ்சிக்கொண்டது. இன்று மண்ணைச் சிமெண்டும் தாரும் மூடியுள்ளன. உறிஞ்ச இடமில்லாத நீர் முழுவதும் ஒரே நேரத்தில் சாக்கடையை நோக்கி விரைகிறது. வண்டலும் நெகிழிப் பைகளும் அடைத்துக்கொண்டால், இருக்கும் இடமும் குறைகிறது. 2025 செப்டம்பர் 23 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 250 மில்லிமீட்டர் மழை பதிவானபோது நகரம் நீரில் மிதந்தது. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து உயிரிழப்புகளும் நேர்ந்தன.

கலப்புக் குழாய் நிரம்பி வழியும்போது தெருவில் நிற்பது தூய மழைநீர் அன்று. அதனுள் கழிவும் கலந்திருக்கும். எனவே, வெள்ளத் தடுப்பும் நீர்மாசுத் தடுப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பழைய செங்கற் சாக்கடைகளைத் தூர்வாரி, உட்புறத்தில் வலுவான பூச்சு அமைத்துப் புதுப்பிப்பதும், மழைக்கு முன்பே கால்வாய்களைத் தூய்மை செய்வதும், நீரேற்றும் திறனைக் கூட்டுவதும் இவ்விரண்டு நோக்கங்களுக்காகவும் செய்யப்படும் பணிகளாகும்.

இறந்த ஆறும் இரு கால்வாய்களும்

முற்காலத்தில் நகரின் கழிவுநீர் கிழக்கேயிருந்த வித்யாதரி ஆற்றில் விடப்பட்டது. அந்த ஆறு மெல்லமெல்ல வண்டலால் தூர்ந்தது. 1928-ஆம் ஆண்டில் அது இறந்த ஆறு என அறிவிக்கப்பட்டது. கழிவை ஏற்க ஆறில்லாத நகரம் திகைத்தது.

1940-களில் மாநகராட்சிப் பொறியாளர் பி. என். தே வகுத்த திட்டம் இதற்கு வழிகண்டது. கிழக்கே தொலைவிலுள்ள குல்டி ஆற்றை நோக்கி இரண்டு கால்வாய்கள் அமைந்தன. ஒன்று, மழையில்லாக் காலத்துக் கழிவுநீருக்கு உரியது. மற்றொன்று, மழைக்காலப் பெருக்கிற்கு உரியது. இயல்பான நாளின் நீரும் பெருமழை நாளின் நீரும் அளவிலும் தன்மையிலும் வேறுபட்டவை என்பதை உணர்ந்து வகுத்த ஏற்பாடு இது.

மீனவர் கண்ட அறிவியல்

இக்கால்வாய்களின் வழியில் பரந்த சதுப்புநிலம் இருந்தது. அங்கு வாழ்ந்த மீனவரும் உழவரும் கழிவுநீரைக் கண்டு முகஞ்சுளிக்கவில்லை. அதனை அளவறிந்து ஆழமற்ற குளங்களில் தேக்கி மீன் வளர்க்கக் கற்றுக்கொண்டனர். அக்குளங்களுக்கு வங்கமொழியில் 'பேரி' என்று பெயர்.

குளங்களின் ஆழம் பெரும்பாலும் அரை மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரையே இருக்கும். ஆகவே, சூரிய ஒளி அடிவரை ஊடுருவுகிறது. ஒளியின் துணையால் நுண்பாசிகள் செழித்து வளர்ந்து உயிர்வளியை வெளியிடுகின்றன. அவ்வுயிர்வளியைக் கொண்டு பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. சிதைந்த கழிவு மீண்டும் பாசிக்கு உணவாகிறது. பாசி அளவுமீறிப் பெருகினால் நீர் கெடும். ஆனால் மீன்கள் அதனை உண்டு கட்டுக்குள் வைக்கின்றன. சில வாரங்களில் நோய்க்கிருமிகள் பெருமளவு அழிந்து நீர் தெளிகிறது. கரையோரத்தில் வளர்க்கப்படும் ஆகாயத்தாமரை, அலைகள் கரையை அரிக்காமல் காப்பதோடு சில உலோகங்களையும் ஈர்த்துக்கொள்கிறது. வேறிடங்களில் நீர்நிலைகளை அடைத்துக் கெடுக்கும் அச்செடி, அளவோடு வைக்கப்படுவதால் இங்கே காவலாகிறது.

குளத்தை விட்டு வெளியேறும் நீர் நெல்வயல்களுக்குப் பாய்கிறது. ரோகு, கட்லா, மிர்கால், திலாப்பியா முதலிய மீன்கள் அதிகாலையில் நகரச் சந்தைகளை அடைகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டன் மீன் இங்கே விளைகிறது. நகரம் அனுப்பிய கழிவு, மீனாகவும் நெல்லாகவும் காய்கறியாகவும் நகருக்கே திரும்புகிறது. பெரும் பொருட்செலவில் இயந்திரங்கள் செய்ய வேண்டிய தூய்மைப் பணியைச் சூரியனும் பாசியும் மீனவரின் உழைப்பும் சேர்ந்து செய்கின்றன.

பின்தொடர்ந்து சென்ற பொறியாளர்

1980-களின் தொடக்கத்தில், 'நகரின் கழிவுநீர் என்ன ஆகிறது?' என்பதைக் கண்டறியும் பணி துருபஜோதி கோஷ் என்னும் அரசுப் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கால்வாய்களைப் பின்தொடர்ந்து சென்று, குளங்களையும் அவற்றைப் பேணுவோரையும் கண்டார். நூல்களில் இல்லாத அறிவை மீனவர்களிடம் பணிவோடு கேட்டறிந்து உலகிற்கு எடுத்துரைத்தார். 1990-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் திட்டம் 'குளோபல் 500' விருதை வழங்கி அவரைச் சிறப்பித்தது. 2018-இல் அவர் மறைந்தார்.

1992-ஆம் ஆண்டு கொல்கத்தா உயர்நீதிமன்றம் இந்நிலத்தைப் பிற பயன்பாட்டிற்கு மாற்றக்கூடாது எனத் தீர்ப்பளித்தது. 2002-இல், ஏறத்தாழ 12,500 எக்டேர் பரப்புள்ள 'கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள்' ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. 2006-இல் மேற்கு வங்க அரசு இதனைக் காப்பதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது.

காக்கப்பட வேண்டியது

சட்டம் இருந்தும் அச்சம் நீங்கவில்லை. 1960-களில் இச்சதுப்புநிலத்தின் வடபகுதியை ஹூக்ளி ஆற்று மணலால் நிரப்பியே சால்ட் லேக் என்னும் நகரியம் எழுந்தது. நிலத்தின் விலை ஏறஏறக் குளங்களைத் தூர்க்கும் ஆசையும் வளர்கிறது. ஒரு குளம் தூர்ந்தால் மீனவக் குடும்பங்கள் பிழைப்பை இழக்கும். நகரம் கழிவுநீரைத் தூய்மை செய்யும் இடத்தை இழக்கும். பெருமழை தங்கவேண்டிய நிலமும் குறையும்.

இயற்கையின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. உணவுக்கழிவையும் மனிதக்கழிவையும் பாக்டீரியா சிதைக்கும். தோல் பதனிடும் தொழிலில் வெளியாகும் குரோமியத்தை அதனால் சிதைக்க இயலாது. நெகிழியையும் அது கரைக்காது. எனவே, தொழிற்சாலைக் கழிவை அது தோன்றும் இடத்திலேயே தூய்மை செய்வதும், குப்பையைச் சாக்கடையில் எறியாதிருப்பதும் இன்றியமையாதவை.

மாணவர்களே, நாம் எந்த நகரில் வாழ்ந்தாலும் நம் வீட்டு நீர் ஏதோ ஓர் இடத்தைச் சென்றடைகிறது. அங்கும் மனிதர் வாழ்கின்றனர். அவர்களை நினைத்து நீரை வெளியேற்றுவதே நகர வாழ்வின் முதற்பண்பு.

சொல்லும் பொருளும்

ஓதம் – கடல்நீரின் ஏற்றம்
வண்டல் – நீர் கொண்டுவந்து படியவைக்கும் நுண்மண்
தூர்தல் – மண் படிந்து ஆழம் குறைதல்
மதகு – நீரைத் திறக்கவும் அடைக்கவும் உதவும் அமைப்பு
உயிர்வளி – ஆக்சிஜன்
நெகிழி – பிளாஸ்டிக்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. கொல்கத்தாவின் நிலம் சரிந்து செல்லும் திசை
அ) மேற்கு  ஆ) கிழக்கு  இ) வடக்கு  ஈ) தெற்கு

2. குளத்தில் உயிர்வளியை வெளியிடுவது
அ) மீன்  ஆ) பாக்டீரியா  இ) நுண்பாசி  ஈ) வண்டல்

3. 'ஆற்றங்கரை' என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது
அ) ஆற்று + கரை  ஆ) ஆற்றம் + கரை  இ) ஆறு + அங்கரை  ஈ) ஆறு + அம் + கரை

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. இறந்த ஆறு என 1928-இல் அறிவிக்கப்பட்டது ________ ஆறு.
2. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் செல்வது ________ முறை.
3. கழிவுநீர் மீன்குளத்திற்கு வங்கமொழியில் ________ என்று பெயர்.

இ. இலக்கணக்குறிப்பு எழுதுக.

தாழ்நிலம், பெருமழை, தேங்கிய நீர், மீனவரும் உழவரும்

ஈ. குறுவினா

1. கொல்கத்தாவின் மழைநீர் ஏன் ஹூக்ளி ஆற்றை நோக்கி இயல்பாக ஓடுவதில்லை?
2. இரண்டு கால்வாய்கள் தனித்தனியே அமைக்கப்பட்டதன் காரணம் யாது?

உ. சிறுவினா

1. ஆழமற்ற குளத்தில் கழிவுநீர் தூய்மையாகும் முறையை விளக்குக.
2. 'வெள்ளத் தடுப்பும் நீர்மாசுத் தடுப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை' – பாடத்தின் வழி நிறுவுக.

ஊ. சிந்தனை வினா

'குளங்களைத் தூர்த்து வீடு கட்டினால் பலருக்கு இருப்பிடம் கிடைக்கும்' என்கிறார் ஒருவர். 'குளம் போனால் அவ்வீடுகளே நீரில் நிற்கும்' என்கிறார் மற்றொருவர். உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

எ. செயல்பாடு

உம் குடியிருப்பில் மழை பெய்யும்போது நீர் ஓடும் திசையைப் பாதுகாப்பான இடத்தில் நின்று உற்றுநோக்குக. அது சென்று சேரும் கால்வாய், குளம் அல்லது ஆற்றின் பெயரைப் பெரியோரிடம் கேட்டறிந்து, ஒரு வரைபடம் வரைந்து பத்து வரிகளில் விளக்கம் எழுதுக.