எம்ஜிபி-யின் பிரேக் பூஸ்டர்

1970-களின் தொடக்கத்து எம்ஜிபி காரில் லாக்ஹீட் பூஸ்டர் பெடலோடு ஒட்டியிருக்காது. தள்ளி, குழாய் வழியே இணைந்திருக்கும். சோதனை எளிது. இன்ஜினை அணைத்து, பெடலை நாலைந்து முறை மிதித்து, கடைசியில் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் முதலில் வேக்வம் ஹோஸையும் ஒருவழி வால்வையும் பார்ப்பது நல்லது. செலவு குறைவு!

வெளியே சொட்டுக் கசிவில்லை, பிரேக் ஆயில் மட்டும் குறைகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை என்றால் சந்தேகம் பூஸ்டரின் உள் சீல் மீதுதான். அது தேய்ந்தால் இன்ஜினே ஆயிலை உறிஞ்சி எரித்துவிடும்.

பிரித்துப் பழுது பார்ப்பவர்கள் சீல் கிட் வாங்கியதுமே வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். சிலிண்டரின் உட்சுவரில் துருக்குழி இருந்தால் புதுச் சீலும் சீக்கிரமே கிழியும். எவர்சில்வர் ஸ்லீவ் போட்டாக வேண்டும். ரப்பர் பாகங்களைப் பெட்ரோலில் கழுவவோ, சாதாரண கிரீஸ் தடவவோ கூடாது, ஊதிப்போகும். புதிய பிரேக் ஆயில் போதும்.

பூட்டியபின் பிரேக் குழாய்களில் உள்ள காற்றை முழுதாக வெளியேற்றுவது கட்டாயம். ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் துரு தள்ளிப்போகும்.