காண்பான் யார்?

'நாம் பார்ப்பதனால்தான் உலகம் இருக்கிறது. குவாண்டம் இயல் இதை மெய்ப்பித்துவிட்டது' என்ற பேச்சு விடுதிச் சாப்பாட்டு மேசையிலும், சொற்பொழிவு மேடையிலும், கைப்பேசித் திரையிலும் அடிக்கடி காதில் விழுகிறது. கேட்க இனிய பேச்சுத்தான். இப்பேரண்டத்தின் நடுவே மனிதனுக்கு ஓர் அரியணை இட்டுத் தருகிறதன்றோ! பௌதிகம் பயில்பவன் என்பதால், "இஃது உண்மையா?" என்று சங்க நண்பர்கள் பலர் என்னைக் கேட்பதுண்டு. வரலாறும் வணிகமும் பயிலும் அன்பர்களுக்கும் விளங்குமாறு விடை கூற முயல்கிறேன்.

முதலில் சோதனையைக் காண்போம். ஒரு தகட்டில் நெருக்கமாக இரண்டு பிளவுகள். அப்பால் ஒரு திரை. ஒளியை அனுப்பினால் திரையில் வெளிச்சமும் இருளும் மாறி மாறிப் பட்டைகளாக விழும். இரு பிளவுகளின் வழியே வரும் அலைகள் சில இடங்களில் கூடுகின்றன. சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கின்றன. இதில் வியப்பில்லை. எலெக்ட்ரானை அனுப்பும்போதுதான் வியப்புத் தொடங்குகிறது. 1989-இல் ஜப்பானில் டோனோமுராவும் அவர் குழுவினரும், இரு பிளவுகளுக்கு நிகரான ஓர் அமைப்பின் வழியே எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினர். ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளியாக விழுந்தது. தொடக்கத்தில் புள்ளிகள் மனம்போன போக்கில் சிதறிக் கிடந்தன. பல்லாயிரம் புள்ளிகள் சேர்ந்த பின்னரோ, பட்டைகள் தெளிவாகத் தெரிந்தன. தனியே வந்த எலெக்ட்ரான் எதனுடன் கூடிற்று? இரு வழிகளையும் தழுவிய ஓர் அலையாக அது வந்தது என்றுதான் கணக்குச் சொல்கிறது.

எவ்வழியே சென்றது என்று அறியக் கருவி வைத்தாலோ பட்டைகள் மறைந்துவிடுகின்றன. குழப்பத்தின் தோற்றுவாய் இதுவே. இதைப் 'பார்த்தல்' என்று பௌதிகர்கள் பெயரிட்டுவிட்டார்கள். பார்த்தல் என்றவுடன் கண் நினைவுக்கு வருகிறது. கண்ணுக்குப் பின்னே ஒரு மனமும் வந்து அமர்ந்துகொள்கிறது. விக்னர் போன்ற பேரறிஞரே 1961-இல், மனத்துக்கு இங்கே தனிப் பங்கு உண்டு என்று எழுதினார். பிற்காலத்தில் அக்கருத்தை அவர் கைவிட்டார் என்பதை மேடைப் பேச்சாளர்கள் சொல்வதில்லை.

மனம் வேண்டுமா, வேண்டாவா என்பதைச் சோதித்துப் பார்க்க முடியுமா? முடியும். 2004-இல் வியன்னா நகரில் ஓர் அரிய சோதனை வெளியாயிற்று. எழுபது கரி அணுக்கள் பந்துபோல் கூடிய மூலக்கூறுகளை வெற்றிடத்தில் நுண்ணிய கீற்றணிகளின் வழியே செலுத்தினர். பட்டைகள் தோன்றின. பிறகு அம்மூலக்கூறுகளை வழியிலேயே லேசர் ஒளியால் சூடேற்றினர். மின்விளக்கின் இழைபோல, சூடேறிய மூலக்கூறு தானே ஒளியை உமிழும். அந்த ஒளித்துகள், தான் எவ்விடத்திலிருந்து புறப்பட்டது என்ற செய்தியைச் சுமந்து செல்கிறது. சூடு ஏற ஏறப் பட்டைகள் மங்கின. மிகுந்த சூட்டில் மறைந்தே போயின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த ஒளியை எவரும் பிடித்துப் பார்க்கவில்லை. அது கருவியின் சுவரில் பட்டு ஒழிந்தது. செய்தி வெளியே கசிந்தது, அவ்வளவே போதுமானதாயிற்று. மேலும், பட்டைகள் விசையை அழுத்தி அணைத்த விளக்குப்போல மறையவில்லை. எந்தச் சூட்டில் எவ்வளவு மங்கும் என்று கணக்கிட்டபடி, படிப்படியாக மங்கின. மனம் பார்த்தது, பார்க்கவில்லை என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

சூரியனையும் எண்ணிப் பாருங்கள். அங்கே ஹைட்ரஜன் கருக்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன; அவ்விலக்கத்தைத் தாண்ட அவற்றுக்குப் போதிய ஆற்றல் இல்லை. குவாண்டம் விதிப்படித் தடையை ஊடுருவியே அவை இணைகின்றன. இவ்வேலை சுமார் 460 கோடி ஆண்டுகளாக நடக்கிறது. மனித இனத்துக்கு வயது ஏறக்குறைய 3 இலட்சம் ஆண்டுகளே. உலகின் அலைச்சார்பு ஓர் உயிரணு தோன்றும்வரை காத்திருந்ததா, அல்லது முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் வரும்வரை காத்திருந்ததா என்று பெல் என்ற அறிஞர் கேலியாகக் கேட்டார். முதுகலை மட்டுமே பயிலும் என் போன்றோரின் நிலை இன்னும் பரிதாபம்!

நிற்க. நாம் வந்து பயிலும் இவ்வங்க நாட்டின் கவிஞர் தாகூர், 1930 ஜூலை 14-இல் பெர்லினுக்கு அருகே ஐன்ஸ்டீனைச் சந்தித்து இதே பொருளைப் பேசினார். மனிதனை நீக்கிய உண்மை என ஒன்று நமக்கு இல்லை என்பது கவிஞரின் கட்சி. அழகைப் பொறுத்தவரை ஐன்ஸ்டீன் உடன்பட்டார். உண்மையைப் பொறுத்தவரை மறுத்தார். வீட்டில் ஒருவரும் இல்லாதபோதும் மேசை அங்கேயே இருக்கும் என்றார். மேசை வரையில் நான் ஐன்ஸ்டீன் பக்கம். காற்றின் மூலக்கூறுகளும் ஒளியும் அதன்மீது ஓயாமல் மோதி அதன் இருப்பிடத்தை ஊரெங்கும் பறைசாற்றுகின்றன. அதற்குச் சாட்சி சொல்ல மனிதன் வேண்டியதில்லை. அரியணை போயிற்றே என்று வருந்தும் நண்பரிடம் நான் சொல்வது இது: நம் பார்வைதான் உலகைப் படைக்கிறது என்றால், நம் கருத்துக்கு மாறாக 'இல்லை' என்று சொல்ல உலகுக்கு வாய் ஏது? வியன்னாவில் கிடைத்தது, நம் விருப்பத்தைக் கேளாத விடை.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. பட்டைகள் ஏன் மறைகின்றன என்பது விளங்கிற்று. குறிப்பிட்ட ஓர் எலெக்ட்ரான் திரையில் இந்த இடத்தில் ஏன் விழுந்தது, அந்த இடத்தில் ஏன் விழவில்லை? செய்திக் கசிவு இதற்கு விடை தருவதில்லை. துகளுக்கு மறைந்த பாதை உண்டு என்றார் போம், 1952-இல். எல்லா விளைவுகளும் நிகழ்கின்றன, வெவ்வேறு கிளைகளில் என்றார் எவரெட், 1957-இல். பொருள் பெரிதாகப் பெரிதாக அலை தானே ஒடுங்கிவிடும் என்று 1986-இல் இத்தாலியர் மூவர் கூறினர். இக்கடைசிக் கருத்தைச் சோதிக்கலாம்: மேலும் மேலும் பெரிய பொருள்களை அனுப்பிப் பார்க்க வேண்டும். 2019-இல் வியன்னாவில் ஏறக்குறைய 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை அனுப்பினர். அப்போதும் பட்டைகள் தோன்றின.