கைத்தொலைபேசியின் அழைப்பொலி: குழும அறிவித்தல்கள் பற்றிய ஒரு பாடம்

மணிமேகலையின் விழாவறை காதையில் இந்திர விழாச் செய்தி யானை மீது முரசேற்றி நகருக்கு அறிவிக்கப்படுகிறது. நம் ஊர்களில் ஜனாஸா அறிவித்தல் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வருகிறது. இரண்டிலும் கேட்பவர் எதையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை. செய்தி தானாகத் தேடி வருகிறது. கைத்தொலைபேசியின் 'நோட்டிபிகேஷன்' என்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

அது எப்படி வருகிறது? ஒவ்வொரு செயலியும் "புதிதாக ஏதும் உண்டா?" என்று நிமிடத்துக்கு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தால் பெட்டரி அரை நாளும் தாங்காது. ஆகவே அன்ட்ரொய்ட் தொலைபேசி கூகுளின் சேவையகத்துடன் ஒரேயொரு இணைப்பைத் திறந்து வைத்திருக்கும். ஐபோன் அப்பிளின் சேவையகத்துடன் அவ்வாறே செய்யும்; அப்பிள் இதனை 2009இல் தொடங்கியது. வட்ஸ்அப் குழுமத்தில் ஒருவர் எழுதினால் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் நம் தொலைபேசி தட்டப்படுகிறது. டேட்டாவை நிறுத்தினால் வாசல் மூடிவிடும். பெட்டரி சேமிப்பு முறையில் தட்டல் தாமதிக்கலாம். 2022இல் வந்த அன்ட்ரொய்ட் 13 முதல், நாம் அனுமதி கொடுக்காத செயலி ஒலிக்கவே ஒலிக்காது. "குழுமத்தில் போட்டோமே, ஏன் பார்க்கவில்லை?" என்று பிள்ளையைக் கோபிக்குமுன் பெற்றார் இவற்றைப் பார்ப்பது நல்லது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வகுப்புகள் வட்ஸ்அப்புக்கு வந்தன. பல வீடுகளில் தொலைபேசி ஒன்று, படிக்கும் பிள்ளைகள் மூவர். அறிவித்தல் கடையிலிருக்கும் வாப்பாவின் சட்டைப்பையில் ஒலிக்கும். பாடமோ வீட்டிலிருக்கும் மகளுக்கு. இதற்கு எந்தச் செயலியிலும் தீர்வு இல்லை. இரவில் குறித்த ஒரு நேரத்தில் தொலைபேசி மகளின் கைக்கு வரும் என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்வதே வழி.

இதைவிடப் பெரிய சிக்கல் ஓயாத ஒலி. ஓர் ஆசிரியை வினாத்தாள் ஒன்றை அனுப்புவார். அதன்கீழ் நாற்பது நன்றிகளும் பூப்படங்களும் வந்து குவியும். சலித்துப்போய்க் குழுமத்தின் ஒலியை அடக்குகிறோம். வட்ஸ்அப் 8 மணித்தியாலம், ஒரு வாரம், எப்போதும் என மூன்று தெரிவுகள் தருகிறது. நம்மவர் பெரும்பாலும் அழுத்துவது மூன்றாவதைத்தான். பிறகு அதே குழுமத்தில் ஜனாஸா அறிவித்தல் வந்தால் நல்லடக்கம் முடிந்த பிறகே கண்ணில் படும். நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடிய வசதியை வட்ஸ்அப் 2018இல் தந்தது. அறிவித்தலுக்கு அப்படியொரு குழுமமும் பேச்சுக்கு வேறொரு குழுமமும் வைத்தால், பேச்சை மட்டும் அடக்கலாம்.

மாத்தளை மாவட்டத்தவர்க்கு இது படிப்போடு நிற்கும் விடயம் அல்ல. றத்தோட்டை, உக்குவளைப் பகுதி மலைச் சரிவுகளுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் முதல் நிலை. செம்மஞ்சள் இரண்டாம் நிலை. சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். நடுநிசியில் டேட்டா நிறுத்தப்பட்ட தொலைபேசிக்குச் சிவப்பும் மஞ்சளும் ஒன்றுதான், இரண்டும் வந்து சேராது. குறுந்தகவலுக்கும் சாதாரண அழைப்புக்கும் டேட்டா தேவையில்லை. ஆதலால் மழை இரவுகளில் குழுமத்தில் போட்டதோடு விட்டுவிடாமல், சரிவில் இருக்கும் வீட்டுக்கு ஒருவர் அழைத்தே சொல்ல வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் எல்லோர் தொலைபேசியிலும் இருக்கட்டும்.

ஒலித்ததெல்லாம் உண்மையும் அல்ல. வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஸூரா அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. பலமுறை கைமாறிய செய்தியின் தலையில் வட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி இடும். மண்சரிவு அறிவித்தலாயின் வெளியிட்ட நேரமும் செல்லுபடியாகும் காலமும் அதிலேயே இருக்கும். நேற்றைய எச்சரிக்கை இன்றும் சுற்றுவதுண்டு; அடுத்தவருக்கு அனுப்புமுன் அந்த இரண்டு வரிகளையும் வாசியுங்கள்.