உத்வேகமும் ஒழுங்கும்

சிரஞ்சீவி மருமகனுக்கு,

சென்னையில் இருபது பேர் மட்டுமே பணிபுரியும் ஸ்டார்ட்-அப் ஒன்று உன்னை வேலைக்கு அழைத்திருப்பதாகவும், ஏ.டி.எச்.டி. என்னும் கவனக் குறைபாடு இருப்பதாக வைத்தியர் நிர்ணயித்த பிறகு அங்கே சேர்வது விவேகமா என்ற சந்தேகம் உன்னை வாட்டுவதாகவும் எழுதியிருந்தாய். சேரலாம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அத்தகைய ஸ்தாபனம் உனக்கு எதைத் தரும், எதைத் தராது என்பதைத் தெளிந்துகொண்டு, அது தராததை நீயே அமைத்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு சேர வேண்டும்.

முதலில், உன் நிலைமையைச் சோம்பல் என்றோ வைராக்கியக் குறைவு என்றோ எண்ணுவதை இன்றோடு விட்டுவிடு. செயல்களைத் திட்டமிட்டு நடத்தும் மூளையின் முன்பகுதியில், டோபமைன், நார்எபிநெஃப்ரின் என்னும் ரசாயனங்களின் இயக்கம் உன் போன்றோருக்குச் சற்று வேறுபட்டிருக்கிறது. புதுமை, சுவாரஸ்யம், அவசரம் ஆகியவை அம்மூளையை உடனே எழுப்புகின்றன. 'இது முக்கியம்' என்ற அறிவு மாத்திரம் எழுப்புவதில்லை. இரவு பதினொரு மணிக்கு சர்வர் முடங்கும்போது, மற்றவரெல்லாம் பதறி நிற்க, நிதானமாக அமர்ந்து அதைச் சீர்செய்துவிடும் நீயே, ஒரு பக்க அறிக்கையை வாரக்கணக்கில் எழுதாமல் வைத்திருப்பதன் காரணம் இதுதான். இரட்டையரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சிகள் இதில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழ முக்கால் என்று காட்டுகின்றன. ஆகையால் வளர்ப்பு சரியில்லை என்று உறவினர் யாரேனும் உன் தாயைக் குறை கூறினால், அதற்கு ஆதாரமில்லை என்று தயங்காமல் சொல்.

புதிய ஸ்தாபனத்தில் நாள்தோறும் புதுப் பிரச்சினை எழும்; தீர்த்ததன் பயன் அன்றே கண்ணுக்குத் தெரியும்; ஒருவனே நான்கு துறைகளில் கைவைக்க நேரும். இவை யாவும் உன் சுபாவத்துக்கு உகந்தவை. தமக்கு ஏ.டி.எச்.டி. உண்டென்று வெளிப்படையாகப் பேசிவரும் அமெரிக்கத் தொழிலதிபர் டேவிட் நீல்மன், மோரிஸ் ஏர் விமானக் கம்பெனியில் இருந்தபோது, காகிதமில்லாப் பயணச்சீட்டு முறையைப் புகுத்திய முன்னோடிகளுள் ஒருவராக விளங்கினார். 1993-இல் அக்கம்பெனியை வாங்கிய சவுத்வெஸ்ட் என்னும் பெரிய ஸ்தாபனத்திலோ சில மாதங்களுக்கு மேல் அவரால் நிலைக்க முடியவில்லை. பின்னர் அவரே 1998-இல் ஜெட்புளூ, 2008-இல் பிரேசிலில் அசூல் ஆகிய விமானக் கம்பெனிகளைத் தோற்றுவித்தார். ஒருவனுக்குப் பொருந்தாத இடம் அவனுடைய திறமைக்கு அளவுகோலாகாது என்பதற்கு இது நல்ல திருஷ்டாந்தம்.

எனினும் வேறொரு பக்கமும் உண்டு. இதுவரை நீ பணிபுரிந்த பெரிய கம்பெனிகளில் மேலதிகாரி, கால அட்டவணை, விதிமுறை ஆகியவை எரிச்சலூட்டினாலும், மறதியினின்றும் தாமதத்தினின்றும் அவையே உன்னை ஓரளவு காத்து வந்தன. ஸ்டார்ட்-அப்பிலோ காலையில் ஸ்தாபகர் வாய்மொழியாகச் சொன்னது மாலைக்குள் மாறிவிடும். ஸ்லாக் என்னும் செய்திச் செயலியில் செய்திகள் ஓயாமல் வந்து விழும். எதை முதலில் செய்வது என்று சொல்வாரும், முடித்தாயா என்று கேட்பாரும் இரார். கட்டடம் எழும்பும்வரை அதைச் சுற்றிச் சாரம் கட்டுவது கொத்தனுக்கு இழுக்கல்லவே. அதுபோல, உன் வேலையைச் சுற்றி நீயே சாரம் கட்டிக்கொள்வதில் வெட்கத்துக்கு இடமில்லை.

வாய்மொழியாக வந்த கட்டளையை, இருக்கையை விட்டு எழுமுன் எழுதி, அதைச் சொன்னவருக்கே அனுப்பி உறுதி செய்துகொள். மாதக் கடைசி என்று தவணை சொன்னால், இந்தப் புதன்கிழமை எதைக் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கு. தொலைவிலுள்ள தேதி உன் மனத்தை அசைக்காது, அருகிலுள்ளதே அசைக்கும். குறிப்பெடுக்கப் புதுப்புதுச் செயலிகளைத் தேடுவதும் புதுமை மோகமேயாதலால், ஒரே நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிடு. சலிப்பூட்டும் செலவுக் கணக்கையும் அறிக்கையையும், தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் நண்பன் ஒருவன் பக்கத்தில் அமர்ந்து செய். பிறர் அருகிருப்பதே கவனத்தை நிறுத்தும் என்பது உன் போன்றோர் பலரின் அனுபவம். புதுப் பொறுப்பு எதற்கும் அந்த இடத்திலேயே சம்மதம் சொல்லாமல், நாளைக் காலை சொல்கிறேன் என்று பதில் கூறு. இரவெல்லாம் விழித்து வேலை செய்யும் உற்சாகத்தைப் பெருமையாகக் கொள்ளாதே. தூக்கம் குறைந்தால் உன் கவனம் மேலும் சிதறும்.

வைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் உருவாக்கப்பட்ட மெதில்ஃபெனிடேட் என்னும் மருந்து இன்றும் பலருக்குப் பயன்படுகிறது. நம் தேசத்தில் அது 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டதாதலால், மருத்துவரின் சீட்டின்றி வாங்கலாகாது. சிநேகிதன் தரும் மாத்திரையை ஒருகாலும் விழுங்காதே. மருந்து கவனத்துக்குத் துணை செய்யும்; எதைக் கவனிப்பது என்று அது தீர்மானிக்காது.

உன் நோயின் பெயரை அலுவலகத்தில் சொல்வதும் சொல்லாமலிருப்பதும் உன் விருப்பம். ஆனால் உன் தேவையைத் தயங்காமல் சொல். "எனக்கு வேலையை எழுத்தில் கொடுங்கள், வாரம் ஒருமுறை முன்னேற்றத்தைக் கேளுங்கள்" என்று சொல்ல எந்த நோயின் பெயரும் அவசியமில்லை. வேலையை ஒப்புக்கொள்ளுமுன், அந்த வாராந்தரக் கேள்வியைக் கேட்கப்போகிறவர் யார் என்று ஸ்தாபகரிடம் விசாரி. ஒருவரைக் குறிப்பிட்டுச் சொன்னால் தைரியமாகச் சேர். 'இங்கே எல்லோரும் சுதந்திரமாக வேலை செய்கிறோம்' என்பதே விடையானால், சம்பளம் எவ்வளவு அதிகமாயினும் வேறிடம் பார்.

இப்படிக்கு,
உன் மாமன்