ரயில் நிலையத்தைச் சுற்றி வளர்ச்சி: ஒரு பகுதி தயாரா? – முக்கியக் குறிப்புகள்

• போக்குவரத்துசார் வளர்ச்சி என்பது, ரயில் அல்லது பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவுக்குள் வீடு, வேலையிடம், கடை, பள்ளி எல்லாவற்றையும் நெருக்கமாகவும் கலந்தும் அமைக்கும் திட்டமிடல் முறை. இக்கருத்தைப் பரவலாக்கியவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பீட்டர் கால்தார்ப். அவருடைய 'தி நெக்ஸ்ட் அமெரிக்கன் மெட்ரோபோலிஸ்' நூல் 1993-ல் வெளிவந்தது.

• இந்தியாவில் தேசியப் போக்குவரத்துசார் வளர்ச்சிக் கொள்கை, மெட்ரோ ரயில் கொள்கை இரண்டும் 2017-ல் வந்தவை. முதல் கொள்கையில் வழிகாட்டும் கோட்பாடுகள் 12. நடைபாதை, மிதிவண்டிப் பாதை, கலப்பு நிலப் பயன்பாடு, வாகன நிறுத்தக் கட்டுப்பாடு ஆகியவற்றோடு தெருவோர வியாபாரிகள் போன்ற அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு இடமளிப்பதும் அவற்றில் ஒன்று. தேர்வு விடையில் பலர் விட்டுவிடக்கூடிய அம்சம் இது, அவசியம் எழுதுங்கள்.

• தாக்க மண்டலம்: நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டர் வரை, அதாவது 10–12 நிமிட நடை. 500 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 78.5 ஹெக்டேர், 800 மீட்டருக்குச் சுமார் 201 ஹெக்டேர். ஆரம் 300 மீட்டர் கூடும்போது பரப்பு இரண்டரை மடங்குக்கும் மேல் ஆகிறது.

• ஒரு பகுதி தயாரா என்று பார்க்க முதலில் இந்த வட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். வரைபடத்தில் வட்டம் போடுவது எளிது. மனிதர்கள் தெரு வழியாகத்தான் நடக்கிறார்கள். சென்னைப் பறக்கும் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தடத்தில் கணிசமான பகுதி பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே போகிறது. கால்வாயின் அக்கரையில் கண்ணெதிரே தெரியும் வீட்டுக்குப் பாலம் தேடிச் சுற்றித்தான் போக வேண்டும். தண்டவாளம், மதில், அகல நெடுஞ்சாலை எல்லாம் இதே வேலையைச் செய்கின்றன. ஆகவே உண்மையில் நடந்து அடையக்கூடிய பரப்பை அளந்து, வட்டத்தின் பரப்போடு ஒப்பிட வேண்டும். அந்த விகிதம் குறைவாக இருந்தால், அடுக்குமாடிக்கு அனுமதி தருவதற்கு முன் நடைமேம்பாலமும் குறுக்குத் தெருவும் வர வேண்டும்.

• 1997-ல் ராபர்ட் செர்வெரோ, காரா காக்கெல்மன் இருவரும், சுற்றுப்புற அமைப்பு பயணத்தைப் பாதிக்கும் விதத்தை அளக்க முன்வைத்த மூன்று அளவைகள்: அடர்த்தி, நிலப் பயன்பாட்டின் பன்மை, வடிவமைப்பு. பின்னாளில் சேர்ந்தவை: போக வேண்டிய இடங்களை எளிதில் அடையும் வாய்ப்பு, நிலையத்துக்கான தொலைவு.

• லூகா பெர்தோலினியின் 'முனை–இடம்' மாதிரி: ரயில் சேவையின் தரம் ஒரு தட்டு, சுற்றுப்புறத்தின் செயல்பாடு இன்னொரு தட்டு. இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் சமநிலை. ரயில் வசதி மிகுந்து சுற்றுப்புறம் பின்தங்கினாலும், சுற்றுப்புறம் வளர்ந்து ரயில் சேவை போதாமல் போனாலும் சமன் குலைகிறது.

• இந்த மாதிரிக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. பறக்கும் ரயில் 1995-ல் கடற்கரை–சேப்பாக்கம் இடையே தொடங்கி, 1997-ல் திருமயிலை, 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி என நீண்டது. மொத்தம் சுமார் 19 கி.மீ. வணிகப் பயன்பாட்டையும் மனத்தில் கொண்டு மிகப் பெரிய நிலையக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. பல தளங்கள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தன. கட்டடம் இருந்தது, பேருந்து இணைப்பும், வெளிச்சமுள்ள நடைபாதையும், கீழே இறங்கினால் கடைத்தெருவும் பல நிலையங்களில் இல்லை. தண்டவாளம் போட்டதாலேயே வளர்ச்சி வந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. திருவான்மியூர் நிலையத்தின் நிலை வேறு: அருகிலேயே 2000-ல் திறக்கப்பட்ட டைடல் பூங்கா இருந்தது. வேலையிடம் பக்கத்தில் இருந்தால் காலையில் அங்கே ஏறுபவர்களோடு இறங்குபவர்களும் இருப்பார்கள். இரு திசையிலும் ரயில் நிறையும்.

• குழாய்களையும் எண்ண வேண்டும். தளப்பரப்புக் குறியீட்டை (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவை) உயர்த்தினால் மக்கள் தொகை கூடும். குடிநீர், பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால் அதைத் தாங்குமா? தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி பொதுவான குறியீடு 2. உயரக் கட்டடங்களுக்கு 3.25.

• எங்கே கட்டக் கூடாது என்பதும் மதிப்பீட்டின் பகுதி. பெருங்குடி, வேளச்சேரி நிலையங்களுக்கு அருகே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறது. அது 2022-ல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2015 சென்னை வெள்ளத்தில் வேளச்சேரி மூழ்கித் தவித்தது தெரிந்ததே. நிலையத்துக்கு அருகில் இருப்பதாலேயே தாழ்நிலம் தகுதி பெற்றுவிடாது.

• நிலம் யாருடையது? ரயில்வே நிலத்துக்கு ரயில்வே நில மேம்பாட்டு ஆணையம் (2005 ரயில்வே சட்டத் திருத்தம்). நகரமைப்பு, சாலை, குடிநீர் ஆகியவை அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் சேர்த்த 12-ஆவது அட்டவணையில் நகராட்சி அமைப்புகளுக்கு உள்ள 18 பணிகளில் அடங்கும். இந்த அமைப்புகளை ஒரே மேசைக்குக் கொண்டுவரச் சென்னையில் கும்டா எனப்படும் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சட்டம் 2010.

• ஒருங்கிணைப்பு தவறினால் என்ன ஆகும்? சென்னைப் புறநகரிலுள்ள கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. புறநகர் மின்சார ரயில் தடம் அருகிலேயே ஓடியும் அங்கே ரயில் நிலையம் அப்போது இல்லை; மூட்டை முடிச்சுகளோடு வந்தவர்கள் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ரயில் ஏற வேண்டியிருந்தது.

• வாடகைக்கு இருப்பவர்கள்: நிலையம் வந்தால் நிலத்தின் விலையும் வாடகையும் ஏறும். ரயிலை அதிகம் நம்பியிருக்கும் ஏழைக் குடும்பங்களே முதலில் வெளியேற நேரும். தாக்க மண்டலத்தில் அனுமதிக்கப்படும் தளப்பரப்பில் 30 சதவீதத்தை மலிவு விலை வீடுகளுக்கு ஒதுக்க 2017 போக்குவரத்துசார் வளர்ச்சிக் கொள்கை பரிந்துரைக்கிறது. இந்த ஒதுக்கீட்டைத் திட்டத்தில் எழுதாத பகுதியைத் 'தயார்' என்று மதிப்பிடக் கூடாது.